இருபத்திரண்டு கிராம் பேன்கேக்

1

அடுத்தவர்கள் விற்கும் உணவில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் தொழில். நாய்த் தீவனம் வரும், கைக்குழந்தைக்கான மாவு வரும், உடற்பயிற்சிக்காரர்கள் கலக்கிக் குடிக்கும் தூள் வரும். அமெரிக்காவின் நடுவில், குளிர்காலத்தில் மூக்கு தன் இடத்தில் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டிய ஊர். மதுரையில் வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்துவோம், இங்கே பனிக்குப் பயந்து. மற்றபடி கதவு சாத்துவதில் பெரிய வித்தியாசமில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆளுக்கொரு ஆரோக்கியமான காலைச் சிற்றுண்டி கொண்டுவர வேண்டும் என்று மேலதிகாரி அம்மாள் சொல்லிவிட்டார். நான் புரதம் மிகுந்த பேன்கேக் சுட்டு எடுத்துப் போனேன். தட்டு காலியானது. அந்த அம்மாள் ஒரு அட்டையை நீட்டி, செய்முறையை எழுதித் தரச் சொன்னார்.

எழுதினேன். அரைத்த ஓட்ஸ் ஒரு கப். மசித்த வாழைப்பழம் ஒன்று. ஊறவைத்து அரைத்த உளுந்து கால் கப். ஆப்பசோடா ஒரு சிட்டிகை. அடுத்து, இரண்டு கரண்டி என்று போட்டேன். எதில் இரண்டு கரண்டி என்று எழுத வந்தபோது பேனா நின்றுவிட்டது. கடைசியில் "வறுத்த கடலை மாவு" என்று எழுதிக் கொடுத்தேன். "புரதத் தூள் இல்லையா?" என்று கேட்டார். "அது ஒரு கதை" என்றேன். இங்கே யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். நீங்கள் கேட்பீர்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

போன வருடம் பிப்ரவரிக் கடைசியில் மூன்று வாரம் விடுப்பு எடுத்து மதுரைக்குப் போனேன். நான் கிளம்பி ஐந்தாவது வருடம். பெட்டியில் சாக்லேட்டுக்குப் பதில் ஒரு பெரிய புரதத் தூள் டப்பாவும் சமையலறைத் தராசு ஒன்றும் வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில் எனக்கு உடற்பயிற்சிக் கிறுக்கு உச்சத்தில் இருந்தது. கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் தேவை என்று கணக்குப் போட்டுச் சொல்வேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் சொன்னேன். அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

வில்லாபுரத்து வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். அவர் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். பழைய வெள்ளைச் சட்டையில் இரண்டு அப்பாக்கள் நுழையலாம் போலிருந்தது. பித்தப்பையில் கல். ஜனவரியில் அது சீழ் பிடித்து, காய்ச்சலில் கிடந்து எழுந்திருக்கிறார். கடிதத்தில் "லேசான வயிற்றுக் கோளாறு" என்று எழுதியிருந்தார். இலக்கணப் பிழை இல்லாத கடிதம்.

மறுநாள் அறுவை மருத்துவரிடம் போனோம்.

"கல்ல எடுக்கிறது பெரிய விசயமில்ல சார்" என்றார் டாக்டர். "தச்ச எடம் ஒட்டணும்ல? ரத்தத்துல அல்புமின்னு ஒரு புரோட்டீன், அது ரெண்டு புள்ளி எட்டுல நிக்குது. மூணரைக்குப் பக்கத்துல கொண்டாங்க, கத்திய எடுக்கிறேன். கறி, முட்டை, பாலு எல்லாம் எடுத்துக்கிறீங்கள்ல?"

"ஈஸ்டருக்கு அப்புறம்" என்றார் அப்பா.

"கல்லு ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்கேன்னு எழுதிக் குடுத்திருக்கா சார்? இன்னொரு தடவ சீழ் வச்சா நான் பொறுப்பில்ல."

வெளியே வந்ததும் விரல்விட்டு எண்ணினேன். என் விமானம் ஈஸ்டருக்கு எட்டு நாள் முன்னால், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அம்மா தனியாக அலைய வேண்டியிருக்கும். அதற்குள் அந்த எண்ணை ஏற்றியாக வேண்டும். புரதம்தானே, நம் துறை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

3

பள்ளித் தோழன் சேகர் பைக்கில் கூட்டிப் போனான். ஓட்ஸ் கிடைக்க நான்கு கடை ஏற வேண்டியிருந்தது. நாலாவது கடைக்காரர் தூசியைத் தட்டிக்கொண்டே, "யாருக்குண்ணே சுகர்?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

"மாப்ள, அஞ்சு வருசம் அமெரிக்காவுல படிச்சிட்டு ஊத்தப்பம் சுட வந்திருக்கியா?" என்றான் சேகர்.

"ஊத்தப்பம் இல்லடா. ஒண்ணுல இருபத்திரண்டு கிராம் புரோட்டீன்."

"ஊத்தப்பத்துல எம்புட்டு?"

சொன்னேன். ஊத்தப்பத்தின் மீது அவனுக்கு இருந்த மரியாதை குறையவில்லை.

முதல் நாள் ஆறு முட்டையின் வெள்ளைக்கரு ஊற்றிக் கலக்கினேன். தோசைக்கல்லில் அது ஒட்டி, கிழிந்து, கடைசியில் அம்மா தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்து ஓர் உருவத்துக்குக் கொண்டுவந்தாள். அப்பா முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுதான் பேன்கேக்கா? ஏழாம் வகுப்புப் பாடத்துல ஒண்ணு வரும். முப்பது வருசமா பிள்ளைகளுக்கு இனிப்பு தோசைன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். தப்பாச் சொல்லல போலருக்கு." முள்கரண்டி கேட்டு வாங்கினார். குத்துவதற்கு முன், "இதுல முட்டை இருக்கா?" என்றார்.

"வெள்ளைக்கரு மட்டுந்தான்ப்பா."

"வெள்ளைக்கரு என்ன, கத்தரிக்காயிலிருந்தா வருது?" தட்டு என் பக்கம் நகர்ந்தது.

தவக்காலம் எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டர் வரை கவுச்சி கிடையாது. ஆனால் முட்டை, பால், தயிர், மோர் என்று எல்லாவற்றையும் தள்ளுவது புதுசு. நோயாளிக்கு விரத ஒறுத்தல் கிடையாது என்று திருச்சபையே சொல்கிறது என்றேன். பங்குச் சாமியாரை வீட்டுக்கு வரச்சொல்லி, அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். சாமியார் போகும்வரை தலையாட்டிவிட்டு அப்பா சொன்னார்: "அவர் சொன்னது சபையோட ஒறுத்தலுக்கு. இது என் ஒறுத்தல்."

கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன்.

"ஏம்மா இம்புட்டு பிடிவாதம்?"

"நேர்ச்சைடா. அஞ்சு தவக்காலம் முட்டை, பாலு ஒண்ணும் தொடுறதில்லன்னு. இது அஞ்சாவது. இதோட முடியுது."

"எதுக்கு நேர்ந்தாரு?"

அம்மா சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். "உன் விசாவுக்குத்தான். வேற எதுக்கு?"

4

இரண்டு தடவை எனக்கு விசா மறுத்தார்கள். சென்னையில் தூதரகத்தின் அந்தச் சன்னலுக்கு முன்னால் நின்று, திரும்பி வருவேன் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்விக்கு, "என் பெற்றோர் இருக்கிறார்கள்" என்றேன். அது போதவில்லை. மூன்றாவது தடவை வேறு அதிகாரி. ஒரே கேள்வி கேட்டார், கொடுத்துவிட்டார். நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனதும், கண்ணாடி முன் நின்று பதிலைப் பழகியதும்தான் காரணம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் எனக்குப் பின்னால் படித்தவர்களுக்கு, விசா வாங்குவது எப்படி என்று ஏழு யோசனைகளை மின்னஞ்சலில் அனுப்பியும் இருக்கிறேன். அந்த ஏழில் அப்பா தொடாமல் விட்ட தயிர்ச்சாதம் இல்லை.

எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் ஒரு யோசனை வந்தது.

முட்டையை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் உளுந்து. பெட்டியிலிருந்த புரதத் தூளைப் பழைய எவர்சில்வர் டப்பா ஒன்றில் கொட்டி மூடினேன். அந்தத் தூள் பாலிலிருந்து எடுப்பது. பாலாடைக் கட்டி செய்தபின் மிஞ்சும் தண்ணீரைக் காயவைத்தால் கிடைப்பது. ஆகவே அது பால் அல்ல, பால் போன பிறகு எஞ்சியது என்று எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அப்பாவின் உயிர் ஒரு பக்கம், அவர் சொல் ஒரு பக்கம். சொல்லுக்குத் தெரியாமல் உயிரைக் காப்பாற்றிவிட்டால் இரண்டுக்கும் சேதமில்லை என்பது என் கணக்கு.

"அது என்ன மாவு?" என்று அம்மா கேட்டாள்.

"ஒரு செடியிலருந்து எடுக்கிறதும்மா."

"ம்" என்றாள்.

அப்பாவும் கேட்டார். அவரிடமும் செடி என்றேன். அப்பா ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். மெதுவாக மென்றார். "மெத்து மெத்துன்னு இருக்கு. பாடத்துல தேன் ஊத்திச் சாப்பிடுவாங்க." தேன் ஊற்றினேன்.

காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் தராசில் தூளை நிறுத்துப் போட்டேன். சுவர் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் அறுபத்தாறு, அறுபத்தாறு என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒருநாள் சேகர் வந்தபோது அவனுக்கும் ஒன்று சுட்டுக் கொடுத்து விளக்கினேன்: "இந்த ஓரம் பாரு, பொன்னிறமா வருதுல்ல? நல்ல தரமான புரோட்டீன் இருந்தாத்தான் இப்படி நெறம் ஏறும்."

"நல்லா கடல வாசமா இருக்கு மாப்ள."

"அது பதத்துல வார வாசம்டா. உனக்குத் தெரியாது."

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

5

பதினாறாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். மூன்று புள்ளி நான்கு.

"மருந்து நல்லாக் கேட்டிருக்கு" என்றார் டாக்டர். அவர் சொன்னது சீழுக்குக் கொடுத்த மாத்திரையை. அப்பா கூரையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் நன்றி சொன்னது வேறிடத்தில். நான் விடவில்லை. ஓட்ஸ், உளுந்து, வாழைப்பழம், ஒரு நாளைக்கு அறுபத்தாறு கிராம் என்று டாக்டருக்குச் சொன்னேன்.

"என்னத்தச் சாப்பிட்டாலும் நல்லதுதான் தம்பி" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியடித்தார். அறுவை வியாழக்கிழமை. என் விமானத்துக்கு இரண்டு நாள் முன்னால். இதைவிடக் கச்சிதமாக என் வாழ்க்கையில் எதுவும் அமைந்ததில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"அருளு, கத்தி வைக்கிறதுக்கு முன்னால பாவசங்கீர்த்தனம் பண்ணிரணும். நாளைக்கே போவோம்."

"போவோம்ப்பா."

"ஒண்ணே ஒண்ணு நிம்மதி. அஞ்சு வருசத்துல இந்த நேர்ச்சைக்குள்ள ஒரு சொட்டு மோர்கூட நாக்குல படல. எதச் சொல்லத் தயங்குனாலும் அத மட்டும் சாமியார்ட்ட தைரியமாச் சொல்லுவேன்."

தெற்குவாசல் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. நான் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அது ஓடவில்லை. மதுரையில் எந்த ஆட்டோ மீட்டரும் ஓடாது. ஆனாலும் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது. அவர் சாமியார் முன் முழங்காலிட்டு, தெரியாமலே ஒரு பொய்யைப் பெருமையாகச் சொல்லப் போகிறார். அதை நான் ஊட்டி வளர்த்திருக்கிறேன், தேன் ஊற்றி.

6

அன்று மத்தியானம் அப்பா தூங்கினபின் அடுப்படிக்குப் போனேன். அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "யாரு அந்தப் புள்ள? நம்ம ஆளுகளா?"

"பொண்ணு இல்லம்மா. பவுடரு."

அவள் மூச்சுவிட்ட விதத்தில் ஏமாற்றமா நிம்மதியா என்று பிரிக்க முடியவில்லை. சொன்னேன். பால், பாலாடைக் கட்டி, மிஞ்சிய தண்ணீர், செடி என்று சொன்ன பொய், எல்லாவற்றையும். அம்மா முழுதும் கேட்டுவிட்டு முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"அந்த டப்பாவுல இருக்கிறது பொட்டுக்கடலையும் நெலக்கடலையும். முத நாளே மாத்திட்டேன்."

"என்னது?"

"நீ செடின்னியே, ஒரு சிட்டிக நாக்குல வச்சேன். இருபது வருசம் சத்துணவுக் கூடத்துல அமைப்பாளரா இருந்தவளுக்குப் பால்பவுடர் தெரியாதாக்கும்? உங்கப்பா முத துண்ட வாயில வைக்கிறதுக்கு முன்னாலயே மாத்தியாச்சு. நீ வெளிய நின்னு எவனோடயோ போன்ல இங்கிலீஷ் பேசிட்டிருந்த."

"என்ட்ட ஏம்மா சொல்லல?"

"நீ என்ட்ட சொன்னியா?"

டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். "அப்ப என் பவுடரு?" என்றேன்.

"நாந்தான் காப்பில போட்டுக் குடிக்கிறேன். லேசா சோப்பு வாசம் அடிக்குது. ஆனா முட்டி வலி கொறஞ்சிருக்கு."

காலண்டரைப் பார்த்தேன். அறுபத்தாறு, அறுபத்தாறு. மனதுக்குள் திருத்தினால் பாதிகூடத் தேறாது. இதில் எனக்கு உறைத்தது வேறு. புரதம் அளந்து சம்பளம் வாங்குகிறவன் நான். பதினாறு நாளும் அதே பேன்கேக்கை நானும் தின்றேன். பொட்டுக்கடலையைத் தராசில் வைத்து கிராம் கிராமாக நிறுத்தேன். அதன் தரத்தைச் சேகருக்கு விளக்கினேன். அவன் மூக்கு சரியாகச் சொன்னதை நான் படிப்பை வைத்துத் திருத்தினேன்.

"அப்பாட்ட சொல்லணுமாம்மா?"

"என்னத்தச் சொல்லுவ? நீ செய்ய நெனச்சதையா, நான் செய்ய விடாததையா? அவரு நேர்ச்சை அவர்ட்ட பத்திரமா இருக்கு. நீ நாளைக்குப் போயி உன் பாவத்தச் சொல்லு, போ."

மறுநாள் கோவிலில், பாவசங்கீர்த்தன வரிசையில் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். அவர் போய், நிமிர்ந்த தலையோடு வந்தார். பிறகு நான் போனேன். நான் தூளுக்கு வந்தபோது, சாமியார் சிரிப்பை இருமலாக மாற்றியது தட்டிக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

7

அறுவை நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை நர்சம்மா அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். "இன்னும் ஒன்பது நாள் இருக்கும்மா" என்று அப்பா மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். நான் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் கொண்டுபோயிருந்ததைத் திறந்தேன். இந்தத் தடவை பொட்டுக்கடலை என்று தெரிந்தே போட்டது. டாக்டர் மெதுவாகச் சாப்பிடச் சொல்லியிருந்தார். விரல் அகலத்துக்குப் பிய்த்துக் கொடுத்தேன்.

"அங்கயே நிரந்தரமா இருக்கிறதுக்கு உங்க கம்பெனில எழுதிப் போட்டிருக்குன்னியே. அது எப்ப வரும்?"

"இன்னும் ரெண்டு மூணு வருசம் ஆகும்ப்பா. யாராவது நேர்ந்துக்கிட்டாச் சீக்கிரம் வந்தாலும் வரும்." சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னேன்.

"வந்துட்டா?"

"வந்துட்டா அப்புறம் யாரும் என்னைப் போகச் சொல்ல முடியாது."

அப்பா அந்தத் துண்டை வெகுநேரம் மென்றார். "உப்பு கொஞ்சம் கொறச்சல்" என்றார்.

சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். ஈஸ்டர் அன்று இங்கிருந்து பேசினேன்.

"முட்டை சாப்பிட்டீங்களாப்பா?"

"ரெண்டு. மீனும் வச்சா உங்கம்மா."

"அப்ப நேர்ச்சை முடிஞ்சுது."

"அது முடிஞ்சுது" என்று சொல்லி, அம்மாவிடம் போனைக் கொடுத்தார்.

அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்கப்பா இன்னைக்குச் சவரம் பண்ணலடா. இனிமே பண்ணப் போறதில்லையாம். வேளாங்கண்ணிக்குத் தாடி விடுறாராம்."

நாற்பது வருடம் ஒருநாள்கூட முகம் மழிக்காமல் வெளியே இறங்காத மனிதர். மீசை அரும்பிய பையன்களையே முறைத்தவர்.

"எதுக்காம்?"

"கேட்டேன். மாதாவுக்குத் தெரியும்ங்கிறாரு."

ஒரு வருடம் ஆகிவிட்டது. காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, ஏன் நகரவில்லை என்றுதான் தெரியவில்லை என்று வக்கீல் எழுதுகிறார். எனக்கும் தெரியவில்லை. அந்தத் தாடி என் மனுவைத் தள்ளிக்கொண்டு போகிறதா, பிடித்து இழுக்கிறதா என்று அப்பாவிடம் கேட்க ஒரு நிமிடம் போதும். ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறேன், கேட்கவில்லை. எம்புட்டு வளர்ந்திருக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் விசாரிப்பேன்.

போன வாரம், "ரெண்டாவது பட்டனைத் தொட்டிருச்சு" என்றாள்.